தப்பைக் காய்ச்சுகிறோம், உடம்பைக் காய்ச்சுகிறோமா?

இந்த வருட மாசி மாதத்தில் ஓர் இரவு. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய், பிறகு தேயிலை மலை வழியே அரை மணித்தியாலம் நடந்தால் வரும் ஒரு தோட்டம். கடந்த நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவின் தழும்பு எதிர் மலையில் சிவப்பாகத் தெரிந்தது. இருட்டியதும் அதுவும் மறைந்துபோனது. காமன் பொட்டலில் தீ மூட்டி நான்கு பேர் தப்புகளை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். குளிரில் தளர்ந்த தோல் சத்தம் தராது. ஒருவர் விரலால் சுண்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், திரும்பவும் நெருப்பில் காட்டுவார். கால் மணித்தியாலம் இதற்கே போனது. யாரும் அவசரப்படவில்லை.

கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கி மலையேறி வந்திருந்த, ரதி வேடம் கட்டும் இளைஞர், அதே கால் மணித்தியாலத்துக்குள் முகத்துக்குப் பூச்சுப் பூசி, சேலை உடுத்தி, சலங்கை கட்டி நேரே ஆட்டத்துக்கு வந்துவிட்டார். முழங்காலில் பழைய துணியால் ஒரு கட்டு. என்னவென்று கேட்டேன்.

"போன வருசம் கால் பெரண்டுச்சுக்கா. ஆட ஆடச் சரியாப் போயிரும்."

என்னோடு வந்திருந்த இயன்மருத்துவத் தோழி நெருப்பையும் அந்த முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "தப்பைக் காய்ச்சுகிறார்கள். உடம்பைக் காய்ச்சுவதில்லை" என்றாள்.

மறுநாள் நாங்கள் நடத்தவிருந்த அரைநாள் பயிற்சிக்கு அதைவிட நல்ல தலைப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பந்து கற்றுத் தந்தது

இந்த விடயத்துக்குள் நான் வந்தது ஒரு வேடிக்கையான வழியால். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் ஓர் அரங்கப் பயிற்சியில் மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கப் பழகினேன். பிடிவாதக்காரி என்பதால் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் எறிந்தேன். மூன்றாவது கிழமை மணிக்கட்டு வீங்கியது. விழுந்த பந்தைக் குனிந்து குனிந்து எடுத்ததில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. பந்து எடை குறைந்த பொருள். ஆனால் ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்தால் அந்த ஆயிரத்தையும் சுமப்பது மணிக்கட்டின் சிறிய நரம்பும் தசைநாரும்தான்.

பிறகுதான் உடம்பைப் பற்றிய பாடத்தைக் கேட்டேன். முழங்கை விலாவோடு தளர்வாக இருக்க வேண்டும். பந்து கண் மட்டத்துக்கு மேல் அதிகம் போகத் தேவையில்லை. கையைப் பார்க்காதே, பந்து திரும்பும் உச்சியைப் பார். கட்டிலுக்கோ மேசைக்கோ முன்னால் நின்று பழகினால் விழும் பந்துக்காகக் குனிய வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, வலி வரும்போது நிறுத்துவதல்ல. எறி பிசகத் தொடங்கும்போதே நிறுத்துவது. களைத்த உடம்பு முதலில் நுணுக்கத்தை இழக்கிறது, அதன் பிறகே காயப்படுகிறது. அந்த இடைவெளியில் நிறுத்தத் தெரிந்தவரே நெடுநாள் ஆடுவார்.

எறிந்து பிடிப்பது நமக்கு அந்நியமான வித்தையல்ல. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை ஆடும் பெண்கள் வருகிறார்கள். வடக்கில் கொக்கான் வெட்டாத பெண்பிள்ளை இல்லை. மலையகத்தில் அதையே அஞ்சாங்கல் என்பார்கள். கரகம், சிலம்பம், தீப்பந்தம், காமன் கூத்து, பொன்னர் சங்கர், உயர நட்ட மரத்தில் ஏறிப் பாடும் அருச்சுனன் தபசு ஆகிய எல்லாமே உடலைக் கட்டுக்குள் வைக்கும் கலைகள்தான். ஆனால் இவற்றை ஆடுகிறவர்களின் முழங்கால், இடுப்பு, தோள் பற்றி நாங்கள் பேசுவதில்லை. மலையகக் கூத்துகளைப் பற்றிய எழுத்துகளில் பாட்டு, கதை, சடங்கு, சாதி எல்லாம் இருக்கும். உடம்பு மட்டும் இருக்காது.

ஒரே உடம்பு, இரண்டு வேலை

சர்க்கஸ் கலைஞருக்கும் தோட்டத்துக் கலைஞருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முன்னவருக்கு உடம்பே தொழில். பின்னவரின் உடம்பு பகலில் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. மிச்சத்தில்தான் இரவில் ஆடுகிறார்.

பெண்களின் பகலை எண்ணிப் பாருங்கள். காலையில் பெரட்டு, பிறகு மலை. சரிவில் நிற்பதால் ஒரு கால் எப்போதும் மேலே, மற்றது கீழே. கூடையின் கயிறு உச்சந்தலையில் விழுந்து கழுத்தை இழுக்கும். இரண்டு கைகளும் மட்டக்கம்புக்கு மேலே நில்லாமல் பறிக்கும். பல தோட்டங்களில் 18 அல்லது 20 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ஆண்களுக்குக் கவ்வாத்துக் கத்தி, 50 கிலோ உர மூட்டை, மருந்துத் தாங்கி. இதற்குமேல் திருவிழாவில் கரகம் எடுப்பதும், தீச்சட்டி ஏந்துவதும், விடிய விடியத் தப்படிப்பதும் இதே கழுத்தும் தோளும் மணிக்கட்டும்தான்.

கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன இளைஞர்களின் சிக்கல் வேறு. வருடத்தில் பதினொரு மாதம் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார்கள். மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டதும் லீவு போட்டு வந்து, பழக்கமில்லாத உடம்போடு இரவிரவாக ஆடுகிறார்கள். விளையாட்டு மருத்துவத்தில் ஓர் எளிய விதி உண்டு: காயத்தை வரவழைப்பது கடின உழைப்பை விடத் திடீர் உழைப்புத்தான். அதோடு, காமன் கூத்துக் காலம் நுவரெலியா மாவட்டத்தில் இரவு கடுங்குளிராக இருக்கும் காலம். குளிர்ந்த தசை, திடீர் ஆட்டம், கல்லும் மேடுமான பொட்டல், வெறுங்கால், தூக்கமின்மை. இவை எல்லாம் சேர்ந்த பிறகும் "சாமி பாத்துக்கும்" என்கிறோம். சில வேளைகளில் குளிருக்கென்று உள்ளே போகும் சாராயமும் சேர்ந்துகொள்கிறது. அது வலியை மறைக்கும், கால் தடுமாறுவதைத் தடுக்காது.

தப்படிக்கிறவர்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. ஆடுகிறவர் ஒரு வேடம் முடிந்ததும் உட்காரலாம். அடிக்கிறவர் உட்கார முடியாது. சாதியின் பெயரால் அந்த வேலை சுமத்தப்பட்டவர்களுக்கு "கொஞ்சம் ஓய்வு வேண்டும்" என்று கேட்கும் உரிமையும் நெடுங்காலம் மறுக்கப்பட்டே வந்தது. தோள்வலியையும் சமூகப் படிநிலையையும் பிரித்துப் பார்க்க முடியாத இடம் அது.

அரைநாளில் என்ன செய்தோம்

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். கூத்தாடும் இளைஞர்கள், தப்படிக்கும் மூவர், கரகம் எடுக்கும் இரண்டு பெண்கள், கூத்து வாத்தியார். வாத்தியார் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்களுக்கு ஆடச் சொல்லிக் குடுக்க வந்தீங்களா தாயி?" என்று கேட்டார். இல்லை ஐயா, ஆடும்போது விழாமல் இருக்க என்று தோழி சொன்னாள். "விழுந்தா எப்படி விழுறதுன்னும் சொல்லுங்க" என்றார். அதுதான் சரியான கேள்வி.

துணியில் பயறு அடைத்த பந்துகளைக் கொடுத்து ஆரம்பித்தோம். முதலில் ஒரு பந்து, பிறகு இரண்டு. எல்லோரும் தவறவிட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். பந்து விழும்போது யார் எப்படிக் குனிகிறார்கள் என்பதைத் தோழி கவனித்தாள். இடுப்பை மட்டும் வளைத்தவர்களுக்கு முழங்காலையும் தொடையையும் மடித்து இறங்கக் காட்டினாள். கொழுந்துச் சாக்கைத் தூக்குவதும் அதே அசைவுதான் என்று ஒரு அக்கா உடனே பிடித்துக்கொண்டார்.

பிறகு மூன்று பாடங்கள். முதலாவது, காய்ச்சுதல். தப்பு காயும் அந்தக் கால் மணித்தியாலம் முழுவதும் ஆடுகிறவர்கள் மெதுவாக நடந்து, கணுக்காலையும் இடுப்பையும் தோளையும் சுழற்றி, கூத்தின் அடிகளையே பாதி வேகத்தில் போட வேண்டும். புதிய உடற்பயிற்சி எதுவும் தேவையில்லை, தங்கள் அடவே போதும். இரண்டாவது, இறங்குதல். துள்ளியபின் குதிக்காலில் விழாமல் முன்பாதத்தில் இறங்கி, முழங்கால் உள்ளே சாயாமல் விரல்களின் திசையில் மடிவது. ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்று பழகுவது. கால் புரண்டவர்களுக்கு இந்த ஒன்று மிகவும் முக்கியம். ஏனெனில் ஒருமுறை புரண்ட கணுக்கால் தன் இடத்தை உணரும் திறனில் ஒரு பகுதியை இழக்கிறது, பழக்கினால் திரும்பப் பெறுகிறது. மூன்றாவது, நிறுத்துதல். ஒவ்வொரு வேடத்துக்கும் மாற்றாள் ஒருவர், தப்புக்கு முறைமாற்று, பாதம் ஊன்ற முடியாத வலி வந்தால் அந்த இரவே ஆஸ்பத்திரி.

மூன்றாவது பாடத்தில்தான் வாக்குவாதம் வந்தது. நேர்த்தி வைத்துக் காப்புக் கட்டியவர் பாதியில் நிறுத்தலாமா? வாத்தியார் நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காப்புக் கட்டுறதே ஒடம்ப ஒழுங்கா வச்சிக்கத்தானே. குடிக்காத, கண்டதத் தின்னாத, நேரத்துக்குக் குளின்னு எதுக்குச் சொன்னாங்க?"

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. மட்டக்களப்பின் கூத்து மரபில் ஆட்டக்காரருக்கு முதல்நாளே சலங்கை கொடுப்பதில்லை. அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்கி, கால் பதிந்த பிறகே சதங்கை அணியும் சடங்கு. அதன் பிறகே அரங்கேற்றம். பாரமான உடுப்போடு ஆடும் வடமோடிக்கு உடம்பைப் படிப்படியாகத் தயார்ப்படுத்தும் முறை அது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றைத் தயாரித்தபோதும், மாணவர்கள் அண்ணாவியாரிடமே ஆடப் பழகினார்கள். ஆக, படிப்படியாகச் சுமையேற்றும் அறிவு எங்களிடம் இருந்தது. பழகும் மாதங்களைத்தான் இழந்துவிட்டோம். பிழைப்புக்காகப் பிள்ளைகள் கொழும்புக்குப் போனபோது பயிற்சிக்காலம் போய்விட்டது, ஆட்டம் மட்டும் மிஞ்சியது.

உலகம் இதே இடத்துக்கு வேறு வழியால் வந்திருக்கிறது. பெரிய சர்க்கஸ் நிறுவனங்கள் தங்கள் குழுவோடு இயன்மருத்துவர்களை அழைத்துச் செல்கின்றன. உதைபந்தாட்டத்துக்கு சர்வதேச சம்மேளனமான பீஃபா உருவாக்கிய, ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும் ஒரு தயார்ப் பயிற்சி உண்டு. நோர்வேயில் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வு, காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் காட்டியது. அதற்கு இயந்திரம் வேண்டாம், மருந்து வேண்டாம். வேண்டியது 20 நிமிடம் மட்டும்.

அந்த 20 நிமிடம் யாருடையது?

இங்கேதான் இது கலை பற்றிய கதையாக இருப்பதை நிறுத்திவிட்டு அரசியலாகிறது.

கூத்துக்கு முன் 20 நிமிடத்தை நாங்களே கண்டுபிடிக்கலாம். ஆனால் மலைக்கு ஏறுமுன் 20 நிமிடம் உடம்பைத் தயார்ப்படுத்த, நடுவில் கழுத்தையும் மணிக்கட்டையும் தளர்த்த, யார் நேரம் கொடுப்பார்கள்? கிலோவில் பேர் போடும் முறையில் ஒவ்வொரு நிமிடமும் கொழுந்து. உடம்பைக் காக்கும் நேரம் சம்பளத்திலிருந்து வெட்டப்படும் நேரம்.

நாட்சம்பளப் பேச்சு வருடாவருடம் நடக்கிறது. 2021இல் சம்பளச் சபை ஊடாக 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அடிப்படையை 1,550 ரூபாவாக்கி, அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என்றது. இந்த உயர்வு தேவையானது, தாமதமானது. ஆனால் அதன் வடிவத்தைக் கவனியுங்கள். வருகைக்குக் கொடுப்பனவு என்றால், இடுப்பு பிடித்து இரண்டு நாள் படுத்தவர் சம்பளத்தோடு கொடுப்பனவையும் இழக்கிறார். காயத்தோடு வேலைக்குப் போவதே இலாபம் என்றாகிறது. சிறிய காயம் பெரிய காயமாவது இப்படித்தான். கொழும்பிலிருந்து வந்த அந்த ரதிக்கும் இதே கணக்குத்தான். கடையில் லீவு கிடைத்தது ஆடுவதற்கு மட்டும், கால் ஆறுவதற்கு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு தருகிறது. குளவி கொட்டினால், மரம் விழுந்தால், அதற்கு ஒரு தேதி உண்டு, சாட்சி உண்டு. இருபது வருடம் சரிவில் நின்ற முழங்காலுக்குத் தேதி இல்லை. தொழில்சார் நோய்கள் சிலவற்றையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் தேய்ந்துபோன கழுத்து இந்த வேலையால்தான் தேய்ந்தது என்று நிரூபிப்பது ஒரு தொழிலாளியின் கையில் விடப்பட்ட மலை. தோட்டத்து டிஸ்பென்சரியில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வலிமாத்திரை. கூத்தில் காலை உடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. அது "வேலை" அல்லவே.

தோட்டக் கம்பனிகளின் விளம்பரங்களிலும் சுற்றுலாப் பதாகைகளிலும் கொழுந்துப் பெண்ணின் கையும் கூடையும் எப்போதும் இருக்கின்றன. படத்துக்குத் தேவைப்படும் அந்தக் கை, பராமரிப்புக் கணக்கில் வருவதில்லை.

வடக்கில் இருந்து வாசிப்பவர்களுக்கு

காயம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வாசகர்கள் பலருக்கு முதலில் நினைவில் வருவது எறிகணைத் துண்டு. உடம்புக்குள் இன்னும் உலோகத்தோடு வாழ்கிறவர்களும், செயற்கைக் காலோடு வயலுக்குப் போகிறவர்களும் இதை வாசிக்கிறீர்கள். அதன் முன்னால் கணுக்கால் புரண்ட கதை சிறியதாகத் தெரியலாம்.

ஆனால் இந்த இரண்டு உடம்புகளும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. என் அம்மாயி ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்களைப் போல, மூட்டை முடிச்சோடு வவுனியாவுக்கு வந்தவர். அப்படி வன்னியில் குடியேறியவர்களில் பலரை 2009 என்ன செய்தது என்பதை நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை. முகாமில் அம்மாயியின் உடம்பைப் பார்த்த வைத்தியர், துண்டு பட்ட தோளைவிடக் கழுத்து எலும்பு மோசமாக இருக்கிறது, பாரம் சுமந்தீர்களா என்று கேட்டாராம். முப்பது வருடத்துக்கு முன் இறக்கிவைத்த கூடை அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

யுத்தம் எங்களுக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. காயப்பட்ட உடம்போடு எப்படி நடப்பது, எப்படி வேலை செய்வது, எப்படித் திரும்பவும் கூட்டத்துக்குள் வருவது என்பது பழக்கக்கூடிய அறிவு. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கை அவயவம் பொருத்துவதோடு அதைச் சுமக்கும் உடம்பையும் பழக்கி அனுப்பி வந்திருக்கிறது. மட்டக்களப்பில் 1996இல் ஆரம்பித்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா விளையாட்டாலும் கோமாளித்தனத்தாலும் பிள்ளைகளைத் திரும்பச் சிரிக்கவைத்தது. இந்த அனுபவம் மலையேற வேண்டும். உதவியாக அல்ல, அறிவுப் பரிமாற்றமாக. வாத்தியாரின் காப்பும் அண்ணாவியாரின் சதங்கையும் எதிர்த்திசையில் இறங்கி வரட்டும்.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. பேராதனைப் பல்கலைக்கழகம் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்குகிறது. அவர்களின் களப்பயிற்சியில் ஒரு பகுதி தோட்டங்களில் நடக்கலாம். 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை காமன் கூத்துக்கு முந்திய மாதத்தில் கூத்துக் குழுக்களுக்கு ஒரு பரிசோதனை நாள் வைக்கலாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரியர்கள் இந்தக் காய்ச்சும் பயிற்சியைப் பாடசாலைக்குக் கொண்டுபோகலாம். கலாசாரத் திணைக்களங்கள் பொன்னாடையோடு ஒரு விபத்துக் காப்புறுதியையும் கலைஞருக்குக் கொடுக்கலாம். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் ரூபாவோடு நிமிடத்தையும் வைக்கலாம்: மலைக்கு ஏறுமுன் 20 நிமிடம், முழுப் பேரோடு; வேலையால் வந்த வலிக்கு ஓய்வு, வருகைக் கொடுப்பனவு வெட்டுப்படாமல். கடைசி இரண்டும் கிடைக்காவிட்டால், எங்களைப் போன்றோர் நடத்தும் பட்டறைகள் வலிமாத்திரையின் இன்னொரு வடிவமாகவே முடியும். உடம்பைக் காத்துக்கொள் என்று நேரமில்லாதவரிடம் சொல்வது, காயத்துக்கான பழியையும் அவர் தலையிலேயே கட்டுவதாகும்.

பௌர்ணமிக்குக் காமன் தகனம். நான் திரும்பவும் போயிருந்தேன். தப்புகள் நெருப்பருகே காய்ந்துகொண்டிருந்தன. அதற்கு அந்தப்பக்கம் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக, பாதி வேகத்தில், சலங்கை கட்டாமல் அடி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் கையைத் தட்டிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரதி வட்டத்தில் இல்லை. முழங்காலை நீட்டிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அன்று மாற்றாள் ஆடினார்.

"அடுத்த வருசம் ஆடுவேன்க்கா" என்றார். திங்கட்கிழமை காலை கடைக்குத் திரும்ப வேண்டும். அங்கே நாள் முழுக்க நின்றபடி வேலை.